தொகுசொற்களை இளமாணவர்க்குக் கற்பித்தல்: ஊடாடு வெண்பலகையும் எழுத்திலக்கணமும்

1. பொருளும் பெயரும்

இரு சொற்கள் அடுத்தடுத்து விரைந்து ஒலிக்கப்படுங்கால், அவற்றிடையே நின்ற எழுத்து ஒன்றோ பலவோ வீழ, அவை ஒருசொல் நீர்மைப்பட்டு வழங்குதல் மொழிகள் பலவற்றுள்ளும் காணப்படும் இயல்பாகும். ஆங்கிலத்தில் டூ நாட் என்னும் இருசொல் டோன்ட் என்றும், இட் இஸ் என்பது இட்ஸ் என்றும் வழங்குதல் இதற்கு எடுத்துக்காட்டாம். தமிழில் வீடு, இல்லை என்னும் இரண்டும் வீடில்லை எனப் புணர்தலும், வந்துவிட்டான் என்பது பேச்சில் வந்துட்டான் என நிற்றலும் இதனோடு ஒருசார் ஒப்புமையுடையன. இத்தகைய சொற்களைத் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு எங்ஙனம் விளக்குவது, அவ்விளக்கத்திற்கு இக்கால வகுப்பறைகளிற் புகுந்துள்ள ஊடாடு வெண்பலகை எவ்வளவில் துணைசெய்யும், எவ்விடத்துப் பிறழ்ந்த வழியிற் செலுத்தும் என்பன இக்கட்டுரையில் ஆராயப்பெறும்.

முதற்கண் பெயர் பற்றிய தெளிவு வேண்டும். இவ்வகை ஆங்கிலச் சொற்களைக் குறுக்கம் எனக் குறிப்பதுண்டு. இலக்கணம் பயில்வார்க்கு இது மயக்கந்தரும். ஐகாரக்குறுக்கம், ஔகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம் என்பவற்றில் எழுத்து வீழ்வதில்லை. அதன் மாத்திரையே குறைகின்றது. தொகை என்பதும் ஈண்டுப் பொருந்தாது. தொகையில் மறைவது உருபு முதலாய பொருளுணர்த்தும் உறுப்பு. தொகுத்தல் என்பது தொல்காப்பியர் எச்சவியலிற் கூறிய செய்யுள் விகாரம் ஆறனுள் ஒன்று. நன்னூலார் அவ்வாறனொடு முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்னும் மூன்றனையும் கூட்டி ஒன்பதாக்கினார். இம்மூன்றும் ஒருசொல்லுள் நிகழ்வன. கெடுதல் என்பது புணர்ச்சியில் எழுத்து வீழ்தலைக் குறிக்கும் பெயர். மரூஉ என்பது நெடுவழக்கால் உருவு சிதைந்து நிலைபெற்ற சொல். ஆதலின், இருசொல் அல்லது ஒரு நெடுஞ்சொல் எழுத்திழந்து ஒன்றுபட்டு வழங்கும் வடிவத்தைப் பொதுவகையால் தொகுசொல் என இக்கட்டுரை வழங்கும். அதற்கு அடிப்படையாய முழுவடிவம் விரிசொல் எனப்படும்.

தொகுசொல்லைக் கற்கும் இளமாணவனுக்கு முதன்மையாகப் புலப்படல் வேண்டுவது, வீழ்ந்த எழுத்து நின்ற இடம். அவ்விடம் அவன் கண்முன் நிற்குமாயின், தொகுசொல்லிலிருந்து விரிசொல்லை மீட்கும் ஆற்றல் அவனுக்கு உண்டாகும். நில்லாதாயின், அவன் பெறுவது மற்றுமொரு சொல்லின் மனப்பாடமே. இக்கருத்தே பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிநிலையாம்.

2. ஆங்கிலத் தொகுசொற்களின் இயல்பு

ஆங்கிலத்தில் வீழ்ந்த எழுத்தின் இடத்தைக் காட்டற்கென்றே ஒரு குறி உண்டு. சொல்லின் மேற்புறத்தே சிறு காற்புள்ளி வடிவில் இடப்பெறும் அக்குறி அப்பாஸ்திரபி எனப்படும். கிரேக்கத்திற் பிறந்த இப்பெயர் விலகித் திரும்புதல் என்னும் பொருளடியாக வந்தது. பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி 16ஆம் நூற்றாண்டில் இக்குறி ஆங்கில எழுத்தில் இடம்பெற்றது. ஈண்டு இதனை மேற்குறி என்போம். டூ நாட் என்பதில் இரண்டாஞ் சொல்லின் இடைநின்ற ஓ என்னும் எழுத்து வீழ்கின்றது. அஃதிருந்த இடத்தில் மேற்குறி அமர்கின்றது. இட் இஸ் என்பதில் ஐ என்னும் எழுத்து வீழ, அதனிடத்தே அக்குறி நிற்கின்றது. எனவே இக்குறி ஒலியற்ற ஓர் அடையாளம். சென்றவன் இருக்கையைப் பிறர் கொள்ளாவண்ணம் காக்கும் காவலை ஒக்கும்.

எனினும் எல்லாத் தொகுசொற்களும் இவ்வாறு எழுத்துக்கு எழுத்து ஒத்துவருதல் இல்லை. வில் நாட் என்பதன் தொகுசொல் வோன்ட் என்பது. இதன் முதனிலை வில் என்பதனோடு பொருந்தாமை கண்டு மாணவர் மயங்குவர். இடைக்கால ஆங்கிலத்தில் வில் என்பதற்கு வோல் என்னும் வேறுவடிவமும் இருந்தது. அவ்வடிவமே வோன்ட் என்பதன் அடியாகும். ஷால் நாட் என்பதன் தொகுசொல்லில் ஈரிடத்து எழுத்துகள் வீழ்ந்தும் மேற்குறி ஒன்றே இக்காலத்தில் இடப்பெறுகின்றது. லூயி கரோல் என்னும் நூலாசிரியர் இத்தகைய சொற்களில் வீழ்ச்சி நேர்ந்த ஈரிடத்தும் குறியிடல் வேண்டும் எனக் கருதித் தம் நூல்களில் அங்ஙனமே எழுதினார். 1893இல் வெளிவந்த நூலொன்றன் முன்னுரையில் அதற்குக் காரணமுங் காட்டினார். வழக்கு அவர் கருத்தை ஏற்கவில்லை. ஆயினும், குறியின் பயன் இடங்காட்டலே என்னும் உண்மையை அவர் கொள்கை நன்கு விளக்குகின்றது.

தொகுசொற்கள் எழுத்துவழக்கிற் புகுதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஜானதன் சுவிஃப்ட் 1710இல் டாட்லர் என்னும் இதழில், சொற்களை எழுத்துக் குறைத்துத் தொகுத்து எழுதும் வழக்கத்தைக் கடிந்தெழுதினார். இன்றோ அவை பள்ளிப் பாடத்திலேயே இடம்பெற்றுள்ளன. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், முதலாம் ஆண்டு மாணவர் இச்சொற்களைப் படித்து, மேற்குறி வீழ்ந்த எழுத்தைக் குறிப்பது என உணர்தல் வேண்டும் என்றும், இரண்டாம் ஆண்டு மாணவர் இவற்றைப் பிழையின்றி எழுதக் கற்றல் வேண்டும் என்றும் வகுத்துள்ளது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்குப் பொதுவாக 2010இல் வெளியிடப்பெற்ற மொழித்தர அளவைகளும் இரண்டாம் வகுப்பில் இதனை வைத்துள்ளன. படித்துணர்தல் முன்னும் எழுதுதல் பின்னுமாக இங்கிலாந்துப் பாடத்திட்டம் வைத்த முறை கருதத்தக்கது. விரித்துணரும் ஆற்றல் தொகுத்தெழுதும் ஆற்றலுக்கு முற்படல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும்.

மாணவர் செய்யும் பிழைகளும் இதனையே வலியுறுத்துகின்றன. குட் ஹேவ் என்பதன் தொகுசொல்லைச் செவியால் மட்டும் கொண்டோர் அதனைக் குட் ஆஃப் என இருசொல்லாக எழுதிவிடுகின்றனர். இட் இஸ் என்பதன் தொகுசொல்லும், அதனுடைய என்னும் பொருள்தரும் இட்ஸ் என்னும் சொல்லும் ஒலியால் ஒன்றாதலின், மேற்குறியை எங்கு இடுவது என அறியாது இடர்ப்படுகின்றனர். இவ்விரு பிழைக்கும் காரணம் விரிசொல் உள்ளத்தில் இல்லாமையே.

3. ஊடாடு வெண்பலகையும் அதன் பயனும்

ஆசிரியர் வழக்கில் ஸ்மார்ட் போர்டு எனப்படும் ஊடாடு வெண்பலகை, கணிப்பொறியின் திரையைப் பலகையளவிற் பெரிதாக்கிக் காட்டுவது. விரலாலோ எழுதுகோலாலோ தொட்ட இடத்தை உணர்ந்து, அத்தொடுகையைக் கணிப்பொறிக்கு ஆணையாக அனுப்புவது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 1991இல் இதனை வெளியிட்டது. தொடக்கத்தில் ஒளிவீழ்த்தியின் துணையோடு இயங்கிய இப்பலகைக்கு மாற்றாக, ஒளிவீழ்த்தி வேண்டாத தொடுதிரைப் பலகைகளும் பின்னர்ப் பெருகின. கரும்பலகைக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அசைவு. கரும்பலகையில் எழுத்து அழிக்கப்படும். இதில் எழுத்து இடம்பெயரும்.

ஆங்கிலத் தொகுசொற்களுக்கென அமைந்த பயிற்சிகள் இவ்வசைவையே பயன்கொள்கின்றன. டூ நாட் என்னும் சொற்கள் பலகையில் தோன்றும். மாணவன் ஓ என்னும் எழுத்தைத் தொட்டு வெளியே இழுப்பான். அதனிடத்தே மேற்குறியைக் கொணர்ந்து வைப்பான். இரு சொற்களும் நெருங்கி ஒன்றாகும். விரிசொற்களை ஒரு பத்தியிலும் தொகுசொற்களை மற்றொரு பத்தியிலும் நிறுத்திக் கோடிட்டு இணைத்தல், தொடரொன்றில் வரும் தொகுசொல்லைத் தொட்டு அதன் விரிவைக் காணல் முதலியனவும் வழக்கில் உள்ளன. இவற்றுள் எழுத்தை இழுக்கும் பயிற்சியே தலையாயது. இலக்கணத்தில் நிகழ்வது எதுவோ அதனையே கை செய்கின்றது ஆகலின்.

ஆயினும் பலகை தன்னளவில் கல்வியை உயர்த்திவிடும் எனக் கருதுதல் பொருந்தாது. இலண்டன் பள்ளிகளில் இப்பலகைகள் பெருந்தொகையாக நிறுவப்பெற்றபின், இலண்டன் கல்வி நிறுவனத்தார் நிகழ்த்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. பலகைகளின் பெருக்கத்தால் மாணவர் தேர்ச்சி உயர்ந்தது என்பதற்கு அவர்தம் புள்ளியியல் ஆய்வில், 2004–05 கல்வியாண்டளவில், சான்று கிட்டவில்லை. மாணவர் ஒருவர்பின் ஒருவராகப் பலகைக்கு வந்து தொடும்போது, பின்தங்கிய மாணவர் குழுக்களில் வகுப்பின் கற்றல் விரைவு குன்றுதலும் உண்டு என அவ்வாய்வு சுட்டியது. தொடுதல் கற்றலாகாது, தொடுகைக்கு முன்னும் பின்னும் நிகழும் எண்ணமே கற்றலாகும். இதனை மனங்கொண்டே தமிழுக்குரிய பயிற்சிகளை வகுத்தல் வேண்டும்.

4. தமிழெழுத்தில் நேரும் இடர்

ஆங்கிலப் பயிற்சியை அவ்வாறே தமிழுக்குக் கொணர்வார் முதலிற் சந்திப்பது உயிர்மெய்யெழுத்தின் இடராகும். ஆங்கில எழுத்துமுறையில் உயிரும் மெய்யும் தனித்தனி வரிவடிவம் உடையன. ஆகவே உயிரை மட்டும் இழுத்து நீக்கல் எளிது. தமிழில் வீடு என்னும் சொல் கண்ணுக்கு இரண்டெழுத்து. ஒலிநிலையில் வ், ஈ, ட், உ என நான்கு. வீடு, இல்லை எனும் சொற்கள் புணருங்கால் நீங்குவது உகரம். அவ்வுகரமோ டு என்னும் ஒரே வரிவடிவத்துள் மறைந்து கிடக்கின்றது. மாணவன் டு என்பதை முழுதும் இழுத்து நீக்குவானாயின் வீ, இல்லை என நின்று புணர்ச்சியே சிதையும்.

இனி, கணிப்பொறியில் உகரக் குறியை மட்டும் நீக்கினால் என்னாகும்? 1991 முதல் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ் மெய்கள் அகரமேறிய வடிவிலேயே அடிப்படைக் குறியீடு பெற்றுள்ளன. உயிர்க்குறிகளும் புள்ளியும் அவ்வடிவின்மேற் சேர்க்கப்படுவன. எனவே டு என்பதினின்று உகரக் குறியை நீக்க எஞ்சுவது ட என்னும் அகர உயிர்மெய். ட் என்னும் மெய்யன்று. உயிர் நீங்கியபின் எஞ்ச வேண்டியது புள்ளி பெற்ற மெய் என்பது இலக்கணம். எஞ்சுவது வேறோர் உயிரேறிய மெய் என்பது பொறியின் காட்சி. உகரத்தை நீக்கினால் அகரம் பிறக்கும் என்னும் பொய்யுணர்வு இளமாணவன் உள்ளத்திற் பதியுமாயின், பிற்பட்ட வகுப்புகளில் அதனைக் களைதல் அரிது.

புள்ளியின் தன்மை பற்றித் தொல்காப்பியர் நூன்மரபிற் கூறியது ஈண்டு நினையத்தகும். மெய் புள்ளியோடு நிற்கும். அகரம் கூடுங்கால் புள்ளியை இழந்து அவ்வுருவிலேயே ஒலிக்கும். ஏனை உயிர்கள் கூடுங்கால் உருவு திரியும் என்பது அவர் கருத்து. இவ்விதியின் மறுதலையாக, உயிர் நீங்குங்கால் இழந்த புள்ளி மீளும் என்பது தானே போதரும். ஆதலின் தமிழ்ப் பயிற்சியில், உயிரை நீக்கும் ஒவ்வொரு முறையும் புள்ளி தோன்றுமாறு பலகைப் பாடம் அமைக்கப்படல் வேண்டும். இஃது அரிய தொழில்நுட்பம் அன்று. டு, ட், உ, டி என்பவற்றைத் தனித்தனிப் படங்களாக ஆக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக மறைத்து வைத்து, மேற்படம் நீங்கக் கீழ்ப்படம் தோன்றுமாறு அமைத்தலே போதும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஆங்கிலத்தில் வீழ்ந்த எழுத்தின் இடம் மேற்குறியால் என்றும் காக்கப்படும். தமிழில் அவ்விடம் வருஞ்சொல்லின் உயிரால் உடனே நிரப்பப்படுகின்றது. ட் என்னும் மெய்யின்மேல் இகரம் ஏற டி ஆகின்றது, வெற்றிடம் இல்லை, குறியும் இல்லை. எழுத்துவழக்கில் புதுக்குறி புகுத்துதல் நம் கருத்தன்று. பயிலும் பொழுதளவில், வெற்றிடத்தைப் பலகையே காத்துநிற்றல் வேண்டும் என்பதே கருத்து.

5. பயிற்சி நிரல்

முதற்பயிற்சி பிரித்தல். இதன்கண் புணர்ச்சியே இல்லை. மாடு, பந்து, பாட்டு, காசு முதலிய மாணவர்க்குப் பழகிய சொற்களின் இறுதி உயிர்மெய் பலகையில் வேறுநிறத்தில் தோன்றும். அதனைத் தொட, து என்பது த், உ என்றும், சு என்பது ச், உ என்றும் பிரியும். மெய் முன்னும் உயிர் பின்னுமாகத் தோன்றல் வேண்டும்; உயிர்மெய்யில் மெய்யின் வழியதே உயிர் ஆகலின். பிரிந்தவற்றை நெருக்கிவைக்க, அவை மீண்டும் ஒன்றாகும். மாணவர் அனைவரும் ஒவ்வொன்றையும் வாய்விட்டு ஒலித்தல் வேண்டும். இப்பயிற்சி சில நாள் நிகழ்ந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லல் தகும்.

இரண்டாம் பயிற்சி விரித்தல். வீடில்லை, பந்தெங்கே, மாடோடியது என்னும் தொகுசொற்கள் முதலிலே தரப்பெறும். மாணவன் டி, தெ, டோ என்னும் எழுத்துகளைத் தொட்டு மெய்யும் உயிருமாகப் பிரிப்பான். பிரிந்த மெய்யை இடப்புறச் சொல்லோடும் உயிரை வலப்புறச் சொல்லோடும் சேர்ப்பான். அப்பொழுது வீட் என நின்ற சொல்லின் ஈற்றில் ஒரு வெறுங்கட்டம் தோன்றும். அக்கட்டத்திற்கு உரிய எழுத்து யாது என்பதே வினா. வீடு என்னும் சொல்லை முன்னறிந்த மாணவன் உகரத்தை எடுத்து அதில் வைப்பான். வீழ்ந்த எழுத்தின் இடம் கண்ணுக்குப் புலனாதல் இக்கட்டத்தாலேயே ஆம்.

மூன்றாம் பயிற்சி தொகுத்தல். பலகையில் மூன்று வரிகள் நிற்கும். மேல்வரியில் பந்து, எங்கே என இரு சொல்லும், இடைவரியில் அவற்றின் பிரிந்த எழுத்துகளும், கீழ்வரியில் வெறுமையும் அமையும். மாணவன் இடைவரியில் உகரத்தை நீக்குவான். நீங்கிய கட்டம் மங்கிய நிறத்தில் நின்றுகொண்டே இருக்கும். த் என்பதும் எ என்பதும் நெருங்கித் தெ ஆகும். கீழ்வரியில் பந்தெங்கே என எழுதப்பெறும். மேல்வரி இறுதிவரை அழிக்கப்படல் ஆகாது. விரிசொல்லும் தொகுசொல்லும் ஒருங்கே கண்முன் நின்றாலன்றி அவற்றின் உறவு விளங்காது.

நான்காவதாக எதிர்க்காட்டு ஒன்று வேண்டும். ஈற்றில் நிற்கும் உகரமெல்லாம் கெடும் என மாணவன் பொதுவாகக் கொள்ளல் கூடும். பசு, அழகு என்பன பசுவழகு என வகரம் பெற்று நிற்றலைக் காட்டுக. உகரம் நீங்காமையால் ஈண்டு வெறுங்கட்டம் தோன்றாது; இரண்டிற்கும் இடையே புதுக்கட்டம் ஒன்று தோன்றி அதில் வகர மெய் வந்தமரும். குற்றியலுகரம், முற்றியலுகரம், உடம்படுமெய் என்னும் பெயர்களை இளமாணவர்க்குக் கூறல் வேண்டா. ஓரிடத்து எழுத்துப் போகின்றது, ஓரிடத்து எழுத்து வருகின்றது என அவர்கள் கண்டுகொண்டால் அமையும். கதவு, இல்லை என்பன கதவில்லை என நிற்றல்போல முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடுதல் பிற்பட்ட வகுப்புக்கு உரியது.

ஈண்டு இலக்கண நூல்களின் கருத்து வேறுபாடு ஒன்று நினைவுக்கு வரும். தொல்காப்பியர் புணரியலில் குற்றியலுகர ஈற்றைப் புள்ளியீற்றோடு ஒப்பவைத்துக் கூறினார். அவ்வுகரத்தின்மேல் உயிர் ஏறி முடியும் என்னும் கொள்கை அதன்வழிக் கொள்ளப்படுகின்றது. நன்னூலார் உயிர் வருங்கால் அவ்வுகரம் தான் ஊர்ந்த மெய்யை விட்டு நீங்கும் என்றார். முடிபு இருவர்க்கும் ஒன்றே. நிகழ்ச்சியை விளக்கும் முறையே வேறு. அரை மாத்திரையே உடையதாய்த் தேய்ந்தொலிக்கும் உகரத்தின் நிலைமையை நுணுகிக் காண்பது தொல்காப்பிய நெறி. வீழ்ச்சியையும் வெற்றிடத்தையும் கண்ணுக்குக் காட்ட இடந்தருவது நன்னூல் நெறி. ஆதலின் இளமாணவர்க்குரிய பலகைப் பயிற்சிக்கு நன்னூல் நெறியும், முதுகலை மாணவர் ஆராய்ச்சிக்கு இரண்டும் ஏற்புடையன என்க.

ஒரு மாணவன் பலகையில் நிற்குங்கால் ஏனையோர் வாளா இருத்தல் கூடாது. அவன் தொடுவதற்கு முன் அனைவரும் எந்த எழுத்து நீங்கும் எனத் தத்தம் சிலேட்டில் எழுதிக் காட்டல் வேண்டும். பின்னர்ப் பலகையின் விடையோடு தம் விடையை ஒப்பிடுவர். மேற்கூறிய இலண்டன் ஆய்வு சுட்டிய குறை இதனால் ஓரளவு நீங்கும்.

6. பேச்சுவழக்கின் தொகுசொற்கள்

இதுகாறும் கூறியவை எழுத்துவழக்கினுள் அடங்கும் தொகுசொற்கள். இனிக் கூறப்படுவது இவற்றினும் முதன்மையானது. ஆங்கிலச் சிறுவன் டோன்ட் என வீட்டிற் பேசுவதைப் பள்ளியிலும் எழுதலாம். எழுத்துமொழி அதனை ஏற்கின்றது. தமிழ்ச் சிறுவன் வந்துட்டான், போறேன், இருக்கான், வேணாம் எனப் பேசிக்கொண்டு பள்ளிக்கு வருகின்றான். பள்ளியோ வந்துவிட்டான், போகிறேன், இருக்கிறான், வேண்டாம் என எழுதுமாறு பணிக்கின்றது. ஆங்கிலத்தில் ஆசிரியர் விரிசொல்லிலிருந்து தொகுசொல்லுக்கு அழைத்துச் செல்கின்றார். தமிழில் தொகுசொல்லிலிருந்து விரிசொல்லுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். வழி ஒன்றாயினும் செல்லும் திசை வேறு.

ஒரு சமுதாயத்தில் ஒரே மொழியின் இருவேறு வழக்குகள் தத்தமக்குரிய இடம் பெற்று நிலவுதலை ஃபெர்குசன் என்னும் அறிஞர் 1959இல் விளக்கினார். தமிழுக்கும் அது பொருந்துமெனப் பின்வந்த அறிஞர் பலர் காட்டினர். சிங்கப்பூரில் 2005இல் நிகழ்ந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம்தரல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆயினும் வகுப்பறைகள் பலவற்றில் மாணவனது பேச்சுச்சொல் கொச்சை என ஒதுக்கப்படுதலே பெரும்பான்மை. ஒதுக்கப்படும் சொல் அவன் தாயின் வாய்ச்சொல் என்பதை மறத்தல் ஆகாது. தான் பேசுவது பிழை என்னும் அச்சத்தோடு எழுதக் கற்கும் மாணவன், எழுத்துமொழியைத் தனக்கு அயலானதாகக் கருதத் தலைப்படுவான். இத்தகைய மாணவனுக்கு, அவன் பேசும் சொல் முழுச்சொல்லினின்றே முறையாகப் பிறந்தது எனக் காட்டுதல் இலக்கண அறிவோடு மொழிப்பற்றையும் தரும்.

போகிறேன், போறேன் என்பவற்றை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பலகையில் மேலும் கீழுமாக நிறுத்துக. ககரமெய்யும் இகரமும் நீங்க, எஞ்சிய எழுத்தெல்லாம் வரிசை மாறாது நிற்கும். இருக்கிறான் என்பதில் இகரமும் றகரமெய்யும் நீங்க இருக்கான் ஆகும். வேண்டாம் என்பதில் டகரமெய் ஒன்றே நீங்க வேணாம் ஆகும். வந்துவிட்டான் என்பதோ இரண்டு தொகுசொற்களைத் தரும். வகரமெய்யும் அதன்மேல் ஏறிய இகரமும் நீங்கின் வந்துட்டான். உகரமும் வகரமெய்யும் நீங்கி இகரம் எஞ்சின் வந்திட்டான். ஒரே வகுப்பில் இருவேறு வடிவம் பேசும் மாணவர் இருப்பின், இருவர் சொல்லும் ஒரு விரிசொல்லின் இரு கிளைகள் எனப் பலகையில் அவர்களே காண்பர். ஒருவர் பேச்சை ஒருவர் எள்ளுதற்கு ஆங்கு இடமில்லை.

எல்லாப் பேச்சுவடிவமும் இங்ஙனம் எழுத்துக் கேட்டால் மட்டும் விளங்குவன அல்ல. வந்துகொண்டிருக்கிறான் என்பது வந்துகிட்டிருக்கான் என நிற்றலில் கேட்டோடு திரிபும் உண்டு. என்னுடைய என்பது என்னோட எனவும், அவர்கள் என்பது அவங்க எனவும் வருதலும் அத்தகையன. இவை ஆங்கிலத்து வோன்ட் என்பதைப் போல்வன. இவற்றை இழுத்து நீக்கும் பயிற்சியிற் புகுத்தின், மாணவன் விடைகாண இயலாது பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஊகிக்கத் தொடங்குவான். ஆதலின் கேடு மட்டும் உள்ளன முன்னும், திரிபும் உள்ளன பின்னுமாக நிரல்படுத்தல் ஆசிரியர் கடன். திரிபுடையவற்றை இணைத்துக் காட்டும் பயிற்சியால் அறிவித்தல் தகும்.

மரூஉச் சொற்கள் இவ்விரண்டினும் பிற்பட்டன. தஞ்சாவூர் தஞ்சை எனவும், கோயம்புத்தூர் கோவை எனவும் வழங்குதலை மேல்வகுப்பு மாணவர் விரும்பிக் கற்பர். சோழநாடு சோணாடு எனவும், மலையமானாடு மலாடு எனவும் மருவியமையை உரையாசிரியர்கள் காட்டினர். இவற்றில் எழுத்து ஒவ்வொன்றன் வீழ்ச்சிக்கும் தனித்தனிக் காரணம் தேடல் வேண்டா. நெடுங்கால வழக்கே காரணம். பழைய வடிவையும் மருவிய வடிவையும் அருகருகே நிறுத்தி, எஞ்சிய எழுத்துகளை நிறத்தாற் காட்டினால் அமையும்.

7. தடையும் விடையும்

கரும்பலகையும் அட்டைகளும் செய்யும் பணிக்கு இத்துணை விலையுள்ள பலகை எற்றுக்கு எனின், அவ்வினா தக்கதே. மேற்கூறிய பயிற்சிகள் அனைத்தையும் எழுத்தட்டைகளாற் செய்தல் கூடும். பலகையில்லாப் பள்ளி இப்பாடத்தை விடவேண்டுவதில்லை. பலகையின் தனிப்பயன், ஒரே நிகழ்ச்சியை வகுப்பு முழுதும் ஒருங்கு காணுமாறு பெரிதாக்கலும், வேண்டும்போது பின்னோக்கிச் செலுத்தி மீளக் காட்டலும் ஆம். தொகுத்ததை ஒரு தொடுகையால் விரிக்கவும், விரித்ததை மீண்டும் தொகுக்கவும் இயலுதல் இப்பொருளுக்கு மிகவும் ஏற்றது.

இளமாணவர்க்குப் புணர்ச்சியிலக்கணம் பெருஞ்சுமை அன்றோ எனின், ஈண்டு விதி எதுவும் மனப்பாடம் செய்விக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பு மாணவன் இப்பயிற்சியால் பெறுவது, சேர்ந்த சொல்லைப் பிரித்துப் பொருளுணரும் வன்மை. தமிழ்ப் பாடநூலைப் படிக்குங்கால் அவன் திகைப்பது பெரும்பாலும் சேர்ந்த சொற்களின் முன்னரே ஆதலின், இது சுமையைக் குறைக்குமன்றி மிகுவியாது.

பேச்சுவடிவை வகுப்பறைப் பலகையில் எழுதுதல் அதற்கு ஒப்புதல் தருவதாகாதோ எனின், ஆகாது. மேல்வரியில் விரிசொல்லும் கீழ்வரியில் பேச்சுச்சொல்லும் அதன் வெறுங்கட்டங்களும் ஒருங்கு நிற்றலால், எது எழுதற்குரியது, எது பேசுதற்குரியது என்னும் வேறுபாடு தெளிவாகவே விளங்கும். காட்டாது மறைப்பதினும் காட்டி விளக்குதலே எழுத்துவழக்கைக் காக்கும் வழியாம்.

8. முடிபு

ஆங்கிலத் தொகுசொல்லில் வீழ்ந்த எழுத்தின் இடத்தை மேற்குறி காக்கின்றது. தமிழில் அவ்விடத்தை வருஞ்சொல்லின் உயிர் நிரப்பிவிடுகின்றது. ஆகவே ஆங்கிலப் பயிற்சியை அவ்வாறே பெயர்த்து வைத்தல் தமிழுக்குப் பொருந்தாது. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்தல் முதலாவதாகவும், தொகுசொல்லை விரித்தல் இரண்டாவதாகவும், விரிசொல்லைத் தொகுத்தல் மூன்றாவதாகவும் நிரல்பட நிற்றல் வேண்டும். உயிர் நீங்குமிடத்துப் புள்ளி மீளுதல் தவறாது காட்டப்படல் வேண்டும். பேச்சுவழக்கின் தொகுசொற்களையும் இம்முறையாற் காட்டின், வீட்டுமொழிக்கும் ஏட்டுமொழிக்கும் உள்ள உறவு இளமையிலேயே விளங்கும்.

பொறியை ஆக்குவோர் தமிழெழுத்தின் இயல்பை அறியார். தமிழெழுத்தின் இயல்பை அறிந்தோர் பொறியின் பாடங்களை ஆக்குதலில் இன்னும் பெரிதும் ஈடுபடவில்லை. உகரம் நீங்கிய இடத்தில் புள்ளி தோன்றாது அகரம் தோன்றுதல் போன்ற பிழைகள் இவ்விடைவெளியிற் பிறப்பன. தொடக்கப்பள்ளிக்குரிய பலகைப் பாடங்களை எழுத்திலக்கணம் கற்ற முதுகலை மாணவர் ஆராய்ந்து திருத்துதலும், புதியன ஆக்குதலும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.